இ.ஆர்.சி. கிரெடிட்: சின்னக் கடைக்காரர்களும் தொண்டு அமைப்புகளும் இன்னும் என்னிடம் கேட்கிற கேள்விகள்

நியூ ஜெர்சியில் சிறு கடைகளுக்கும் இரண்டு மூன்று தொண்டு அமைப்புகளுக்கும் சம்பளக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. கொரோனா காலத்தில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பாத முதலாளிகளுக்கு அமெரிக்க அரசு கொடுத்த இ.ஆர்.சி. (எம்ப்ளாயி ரிடென்ஷன் கிரெடிட்) பற்றி 2021-ல் கேட்க ஆரம்பித்தார்கள், இன்னும் நிற்கவில்லை. கேள்விதான் மாறிவிட்டது. அப்போது "எனக்குக் கிடைக்குமா?" என்றார்கள், இப்போது "வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?" என்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, சி.பி.ஏ. என்கிற உரிமம் பெற்ற கணக்காளரும் இல்லை. உங்கள் காகிதங்களைப் பார்க்காமலே உங்களுக்குக் கிடைக்கும், கிடைக்காது என்று அடித்துச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

இது கடனா, மானியமா, வரித் தள்ளுபடியா?

வரிக் கிரெடிட்தான், ஆனால் நாம் ஏப்ரலில் கட்டுகிற வருமான வரியோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும்போது முதலாளி கட்டுகிற பேரோல் வரி இருக்கிறதல்லவா, காலாண்டுக்கு ஒருமுறை 941 படிவத்தில் கணக்குக் காட்டுவோமே, அதில் வருவது இது. 2020 மார்ச் 27-ல் கையெழுத்தான கேர்ஸ் சட்டத்தில் பிறந்தது. கடை மூடிக் கிடந்தாலும் வியாபாரம் படுத்தாலும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தால், அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு திருப்பித் தந்தது. கட்டவேண்டிய வரியைவிடக் கிரெடிட் அதிகமாக வந்தால் மிச்சம் செக்காக வரும். வருமான வரியே கட்டாத தொண்டு அமைப்புகளுக்கும் இது கிடைத்ததற்குக் காரணம் இதுதான். "நாங்கள் வரி கட்டுவதில்லையே, எங்களுக்கு எப்படி?" என்று பல கமிட்டிக்காரர்கள் இதைக் கேட்டுப் பார்க்காமலே விட்டுவிட்டார்கள்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு?

2020-க்கு ஒரு கணக்கு, 2021-க்கு வேறு கணக்கு. 2020-ல் மார்ச் 13 முதல் டிசம்பர் முடிய, வருஷம் முழுவதற்குமாகச் சேர்த்து ஓர் ஆளின் சம்பளத்தில் முதல் 10 ஆயிரம் டாலர் வரைக்கும் 50 சதவீதம், அதாவது அதிகபட்சம் 5 ஆயிரம். 2021-ல் ஒவ்வொரு காலாண்டுக்கும் 10 ஆயிரம் வரை, அதில் 70 சதவீதம், அதாவது காலாண்டுக்கு 7 ஆயிரம். முதல் மூன்று காலாண்டுகளோடு இது முடிந்துவிட்டது, ஏனென்றால் 2021 நவம்பர் 15-ல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் நான்காம் காலாண்டைப் பின்தேதியிட்டு வெட்டிவிட்டது. அப்போது நான்காம் காலாண்டில் பாதி ஓடியிருந்தது, அதை நம்பி வரியைக் குறைத்துக் கட்டியிருந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் நான்காம் காலாண்டும் உண்டு, அவர்களுக்கு உச்சவரம்பு மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்துக் காலாண்டுக்கு 50 ஆயிரம்.

ஆக, விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வந்த "ஆளுக்கு 26 ஆயிரம் டாலர்" பொய் இல்லை. 5 ஆயிரமும் மூன்று 7 ஆயிரமும் சேர்ந்தால் 26 ஆயிரம்தான். ஆனால் அந்தத் தொகை யாருக்கு வரும்? எல்லாக் காலாண்டிலும் தகுதி இருந்து, ஒவ்வொரு காலாண்டிலும் 10 ஆயிரத்துக்குக் குறையாமல் சம்பளம் வாங்கிய ஆளுக்கு. மாதம் 3 ஆயிரம் வாங்குகிற சமையல்காரருக்குக் காலாண்டுக்கு 9 ஆயிரம், அதில் 70 சதவீதம் 6,300. மாதம் 1,200-க்குப் பகுதிநேரமாகப் பரிமாறுகிற பையனுக்கு 2,520. எல்லா ஆளுக்கும் எல்லாக் காலாண்டுக்கும் ஒரே முழுத் தொகை போட்டிருக்கிற மனுவைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வருகிறது, வரி வசூலிக்கிற ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு வராதா?

பி.பி.பி. கடன் வாங்கியிருந்தால் இது கிடையாது என்று எங்கள் கணக்கர் அன்றைக்குச் சொன்னாரே?

பி.பி.பி. என்பது கொரோனா காலத்தில் சம்பளம் கொடுக்க அரசு ஏற்பாட்டில் கிடைத்த, பிறகு தள்ளுபடி ஆகக்கூடிய கடன். அன்றைக்கு அவர் சொன்னது சரி. முதலில் சட்டம் அப்படித்தான் இருந்தது, இரண்டில் ஒன்றுதான். 2020 டிசம்பர் 27-ல் வந்த சட்டம் அந்தத் தடையை ஆரம்பத்திலிருந்தே இல்லாததாக ஆக்கியது. அதனால்தான் பழைய காலாண்டுகளுக்குப் போய் 941-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போடுகிற கூட்டம் கிளம்பியது. நிபந்தனை ஒன்றுதான்: பி.பி.பி. தள்ளுபடிக்காகக் காட்டிய அதே சம்பளத்தை இங்கேயும் காட்டக்கூடாது. தள்ளுபடி விண்ணப்பத்தில் வாடகை, மின்கட்டணம் எல்லாம் காட்டாமல் சோம்பலில் மொத்தத்தையும் சம்பளமாகவே காட்டியவர்களுக்கு இங்கே கணக்கு சுருங்கிப்போனது. அதைச் செய்தவர்களில் என் வாடிக்கையாளர் ஒருவரும் உண்டு, செய்துகொடுத்தது நான்தான், சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

யாருக்குத் தகுதி? வருமானம் குறைந்தால் போதுமா?

இரண்டு கதவுகள் உண்டு, ஏதாவது ஒன்றில் நுழைந்தால் போதும். ஒன்று வருமானச் சரிவு, இன்னொன்று அரசு உத்தரவு.

வருமானக் கதவு நேரானது, எண்தான் பேசும். 2020-ல் ஒரு காலாண்டின் மொத்த வரவு 2019-ன் அதே காலாண்டில் பாதிக்கும் கீழே போயிருந்தால் அங்கே தகுதி ஆரம்பிக்கிறது. பிறகு எந்தக் காலாண்டில் 80 சதவீதத்தைத் தாண்டுகிறதோ, அந்தக் காலாண்டோடு முடிகிறது. 2021-ல் பாதிக்கெல்லாம் இறங்கவேண்டாம், 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே போதும்.

ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். 2019-ல் காலாண்டுக்குக் காலாண்டு 1 லட்சத்து 80 ஆயிரம் டாலர் வரவு. 2020 இரண்டாம் காலாண்டில் 72 ஆயிரம், அதாவது 40 சதவீதம், உள்ளே வந்துவிட்டார். மூன்றாம் காலாண்டில் 70 சதவீதம், இன்னும் உள்ளேதான். நான்காம் காலாண்டில் 85 சதவீதம், அந்தக் காலாண்டும் சேரும், ஆனால் அதோடு 2020-ன் கதை முடிந்தது. 2021 முதல் காலாண்டில் மறுபடி 75 சதவீதத்துக்கு இறங்கினார், சேரும். இரண்டாம் காலாண்டில் 90 சதவீதம். இங்கேதான் பலர் விட்டுவிட்டார்கள்: 2021-ல் அந்தக் காலாண்டு தேறாவிட்டால் அதற்கு முந்தைய காலாண்டின் எண்ணை வைத்துத் தகுதி காட்டச் சட்டம் இடம் கொடுத்தது. முதல் காலாண்டில் 75 சதவீதம் இருந்ததால் இரண்டாம் காலாண்டும் அவருக்குச் சேரும்.

ஏன் குறைந்தது என்ற கேள்வியே இந்தக் கதவில் கிடையாது. ஆனால் ஒரே ஆளுக்கு மூன்று கடை இருந்தால் மூன்றையும் சேர்த்துத்தான் கணக்கு, படுத்த கடையை மட்டும் தனியாகக் காட்ட முடியாது. 2019-ல் முழுநேர ஆட்கள் 100-க்கு மேல் இருந்தால் 2020-க்கு, 500-க்கு மேல் இருந்தால் 2021-க்கு, வேலை செய்யாமல் இருந்த நேரத்துக்குக் கொடுத்த சம்பளம் மட்டும்தான் சேரும். இதைப் படிக்கிறவர்களில் அவ்வளவு பெரிய ஆள் இருந்தால் வாழ்த்துகள், வேறு இடத்தில் கேளுங்கள்.

அரசு உத்தரவுக் கதவு என்றால்? கொரோனாவில் எல்லோருக்கும்தானே உத்தரவு?

ஏமாந்தவர்கள் எல்லோரும் ஏமாந்தது இந்த ஒரு வாக்கியத்தில்தான். "எல்லோருக்கும்தானே உத்தரவு இருந்தது, அப்போ உங்களுக்கும் உண்டு" என்று போனில் சொல்லி மனுவைப் போட்டுவிட்டார்கள்.

என்னிடம் வருகிறவர்களை நான் மூன்று கேள்வி கேட்பேன். எந்த உத்தரவு? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? கடையில் எந்த வேலை அதனால் நின்றது? மூன்றுக்கும் பதில் இருந்தால் மேலே பேசலாம். நியூ ஜெர்சி உணவகம் என்றால் பதில் சுலபம். 2020 மார்ச் 16 இரவிலிருந்து உள்ளே உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. ஜூன் 15-ல் வெளியே மேஜை போட விட்டார்கள். செப்டம்பர் 4-ல் உள்ளே 25 சதவீதம் பேர், 2021 பிப்ரவரி 5-ல் 35, மார்ச் 19-ல் 50. ஆறடி தூர விதி மே 28-ல்தான் போனது. அப்போதைய ஆளுநர் மர்ஃபியின் உத்தரவுகள் எண்ணோடும் தேதியோடும் இருக்கின்றன, பிரதி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

அதோடு முடியவில்லை. நின்றுபோன பகுதி கடைக்குப் பெயரளவில் மட்டும் இருந்திருக்கக்கூடாது. 2019-ன் அதே காலாண்டில் மொத்த வரவிலோ மொத்த வேலைநேரத்திலோ அந்தப் பகுதி 10 சதவீதமாவது இருந்திருக்கவேண்டும் என்பது ஐ.ஆர்.எஸ். வைத்த அளவுகோல். பார்சலுக்கே பெயர்போன கடை, மூலையில் நான்கு நாற்காலி மட்டும் போட்டிருந்தது என்றால் அந்த நான்கு நாற்காலியை மூடியதற்குக் கிரெடிட் கேட்க முடியாது. இன்னொன்று, உத்தரவு இருந்த நாட்களில் கொடுத்த சம்பளம் மட்டும்தான் இந்தக் கதவில் சேரும். உத்தரவு காலாண்டின் நடுவில் முடிந்தால் கணக்கும் அங்கேயே முடியும். வருமானக் கதவில் நுழைந்தவருக்கு மட்டும்தான் முழுக் காலாண்டு. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காத மனுக்கள் ஏராளம்.

சரி, எதெல்லாம் உத்தரவு ஆகாது? நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்ன ஆலோசனை ஆகாது. ஆளுநர் பேட்டியில் "வீட்டிலேயே இருங்கள்" என்று கேட்டுக்கொண்டது ஆகாது. ஜனங்கள் பயந்துபோய்க் கடைக்கு வராதது உத்தரவு இல்லை, அது வருமானக் கதவில் பார்க்கவேண்டிய விஷயம். "சரக்குக் கப்பல் வரவில்லை" என்பதை நிறையப் பேர் போட்டார்கள். 2023 ஜூலையில் ஐ.ஆர்.எஸ். அதற்கு விளக்கம் கொடுத்தது: உங்களுக்குச் சரக்குக் கொடுப்பவரையே அரசு உத்தரவு நிறுத்தியிருக்கவேண்டும், வேறு யாரிடமும் அந்தச் சரக்கு கிடைக்காமல் உங்கள் தொழிலும் அதனால் நின்றிருக்கவேண்டும். விலை ஏறியது, தாமதமானது என்பதெல்லாம் எடுபடாது.

எங்களுடையது இந்திய மளிகைக்கடை. எங்களுக்கு?

அநேகமாகக் கிடையாது. மளிகை அத்தியாவசியம் என்று திறந்தே இருந்தது, அரிசி பருப்புக்கு வரிசை நின்ற காலம் அது, வரவும் ஏறியிருக்கும். உள்ளேயே டிபன் கவுண்டர் வைத்து அதில் 10 சதவீதத்துக்கு மேல் வந்துகொண்டிருந்து அது மூடப்பட்டிருந்தால் மட்டும் கணக்கை எடுத்துப் பாருங்கள்.

ஐ.டி. கன்சல்டிங் வைத்திருக்கிறோம், எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள்.

வீட்டிலிருந்தே வேலை தடையில்லாமல் நடந்ததென்றால் உத்தரவுக் கதவு மூடித்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தை வெட்டி வரவு விழுந்திருந்தால் வருமானக் கதவில் பாருங்கள். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. எஃப்-1 மாணவர் விசாவில், ஓ.பி.டி. என்கிற வேலைப் பயிற்சி அனுமதியில் வேலை பார்த்த பிள்ளைகளின் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி (முதியோர் ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் பிடிப்பது) பிடித்திருக்க மாட்டீர்கள். அந்த வரிக்கு உட்படாத சம்பளம் இந்தக் கிரெடிட்டிலும் சேராது. பத்துப் பேரில் ஆறு பேர் ஓ.பி.டி. என்றால் மீதி நாலு பேருக்குத்தான் கணக்கு.

எனக்கும் என் மனைவிக்கும் நாங்களே சம்பளம் எடுத்தோம். அது சேருமா?

சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கிறவரின் உறவினர்கள் சம்பளம் சேராது. பிள்ளை, பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், மாமனார், மாமியார், மருமகன், மருமகள், மச்சான், சித்தப்பா, தாய்மாமா, அக்கா பையன் வரைக்கும் பட்டியலில் இருக்கிறார்கள். சரி, முதலாளியின் சொந்தச் சம்பளம்? 2021 ஆகஸ்டில் வந்த விளக்கம் அதற்கும் ஒரு சுற்றுவழியில் பூட்டுப் போட்டது. உங்கள் பங்கு உங்கள் தம்பிக்கும் சொந்தம் என்று சட்டம் பாவித்துக்கொள்ளும், பிறகு அந்தத் தம்பிக்கு நீங்கள் உறவினர் ஆகிவிடுவீர்கள், உங்கள் சம்பளம் போச்சு, மனைவி சம்பளமும் போச்சு. பெற்றோர், தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர், பிள்ளை என்று உயிரோடு ஒருவருமே இல்லாத முதலாளிக்குத்தான் இதிலிருந்து விடுதலை. நம் ஆட்களில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஒரு வேடிக்கை: பெரியப்பா பையனும் அத்தை பெண்ணும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வீட்டிலேயே உங்களை அண்டி இருந்தால் ஒழிய அவர்கள் சம்பளம் சேரும்.

கோயில், சர்ச், தமிழ்ப்பள்ளி, உணவு வங்கி மாதிரி அமைப்புகளுக்கு எப்படிப் பார்ப்பது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நியாயமாகக் கிடைக்கவேண்டியவர்கள் கேட்காமல் விட்டதும் இங்கேதான் அதிகம், கிடைக்காததைக் கேட்டதும் இங்கேதான்.

முதலில், சம்பளம் கொடுத்தீர்களா? வாரக் கடைசியில் நடக்கிற தமிழ்ப்பள்ளிகளில் முக்கால்வாசி தன்னார்வலர்களால் நடக்கின்றன, டபிள்யூ-2 (சம்பள ஆளுக்குத் தருகிற வருடாந்தரப் படிவம்) வாங்குகிற ஒருவரும் இருக்கமாட்டார். சம்பளமே இல்லாத இடத்தில் கிரெடிட்டுக்கு வேலையில்லை. ஆசிரியர்களுக்கு 1099 (ஒப்பந்த ஆட்களுக்கான படிவம்) போட்டுத் தொகை கொடுத்திருந்தாலும் அது சம்பளம் ஆகாது.

அடுத்தது வரவுக் கணக்கு. தொண்டு அமைப்புக்கு நன்கொடை, மானியம், சந்தா, முதலீட்டு வருமானம் எல்லாம் மொத்த வரவில் சேரும். கட்டணம் விழுந்தாலும் நன்கொடை ஏறினால் வருமானக் கதவு மூடிக்கொள்ளும். உணவு வங்கிகளுக்கு அந்த வருஷம் ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள், அதனாலேயே பலருக்கு இந்தக் கதவில் இடமில்லாமல் போனது. பி.பி.பி. தள்ளுபடித் தொகையை மட்டும் வரவிலிருந்து விலக்கிக்கொள்ள 2021 ஆகஸ்டில் ஐ.ஆர்.எஸ். அனுமதி கொடுத்தது. அதையும் வரவாகச் சேர்த்து "எங்களுக்குத் தகுதியில்லை" என்று மூடிவைத்த ஒரு பாலர் பள்ளிக் கமிட்டியை எனக்குத் தெரியும். விலக்கிப் பார்த்தபோது இரண்டு காலாண்டு தேறியது.

உத்தரவுக் கதவில் தொண்டு அமைப்புகளுக்கு நல்ல இடம் உண்டு. அமைப்பின் எல்லா வேலைகளையும் சேர்த்து ஒரே தொழிலாகப் பாவிப்பார்கள், கூட்டம் கூடுவதைத் தடுத்த உத்தரவும் இதில் சேரும். பக்தர்கள் உள்ளே வர முடியாது, கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது, நடன வகுப்பு நின்றது என்றால் அதற்கு உத்தரவும் தேதியும் காட்ட முடியும். ஜூமில் நடத்தியதால் என்ன நடந்தது, என்ன நடக்கவே முடியாமல் போனது என்று பிரித்து எழுதிவைக்கவேண்டும், அவ்வளவுதான்.

பூசகர் சம்பளத்தில் மட்டும் ஜாக்கிரதை. சமய ஊழியர் என்ற முறையில் அவர் சம்பளத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடிக்காமல் இருந்தால், ஓ.பி.டி. பிள்ளைகளுக்குச் சொன்ன அதே காரணத்தால் அது சேராது. மடப்பள்ளி சமையல்காரர், அலுவலகத்தில் இருப்பவர், துப்புரவு வேலை செய்பவர் சம்பளம் சேரும்.

இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாமா?

முடியாது. 2020-ன் காலாண்டுகளுக்கு 2024 ஏப்ரல் 15, 2021-க்கு 2025 ஏப்ரல் 15 கடைசி. இரண்டும் போய்விட்டன. இன்னமும் யாராவது போன் பண்ணி "உங்கள் கடைக்கு இன்னும் எடுக்காத பணம் இருக்கிறது" என்றால் வைத்துவிடுங்கள்.

கெடுவுக்குள் போட்டுவிட்டேன், வருஷக்கணக்கில் பதிலே இல்லை. ஏன்?

2023 செப்டம்பர் 14-ல் புதிய மனுக்களைப் பார்ப்பதையே நிறுத்திவைத்தார்கள். அதுவரை சுமார் 36 லட்சம் மனுக்கள் வந்திருந்தன, 6 லட்சத்துக்கு மேல் தேங்கிக் கிடந்தன. 2024 ஜூனில் அவர்களே சொன்னது: ஆராய்ந்து பார்த்த மனுக்களில் 10 முதல் 20 சதவீதம் வெளிப்படையாகவே தவறு, 60 முதல் 70 சதவீதம் சந்தேகத்துக்கு இடமானவை, சிக்கல் குறைவாகத் தெரிந்தவை 10 முதல் 20 சதவீதம்தான். அந்தக் கடைசிக் கூட்டத்தில் இருந்த சின்ன உணவகங்களும் மற்றவர்களோடு சேர்ந்துதான் காத்துக் கிடந்தன. விற்பனைக்காரர்கள் குட்டையைக் குழப்பியதற்கு இவர்கள் ஏன் தண்டனை அனுபவிக்கவேண்டும் என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

இன்னொரு அடி 2025 ஜூலை 4-ல் விழுந்தது. அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு: 2021-ன் மூன்றாம், நான்காம் காலாண்டுக்கான மனு 2024 ஜனவரி 31-க்குப் பிறகு போடப்பட்டிருந்து, சட்டம் வந்த நாள்வரை பணமும் வராமல் இருந்தால், இனி வராது. மனு நியாயமானதா என்றே பார்க்கமாட்டார்கள், தேதியை மட்டும் பார்ப்பார்கள். 2021-ன் முதல் இரண்டு காலாண்டுகளை இது தொடாது. ஆகவே உங்கள் 941-எக்ஸ் போன தபால் ரசீதைத் தேடி எடுங்கள், என்ன தேதி என்பது இப்போது பணமாகிவிட்டது. நிலவரம் அறிய ஐ.ஆர்.எஸ். தளத்தில் வணிகக் கணக்கைத் திறந்து அந்தக் காலாண்டின் 941 டிரான்ஸ்கிரிப்டை, அதாவது அவர்களிடம் இருக்கிற கணக்குப் பதிவுத் தாளைப் பாருங்கள். 846 என்ற எண் இருந்தால் ரீஃபண்ட் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். சம்பளப் பட்டியலை வேறொரு நிறுவனத்தின் வரி எண்ணில் நடத்தியிருந்தால் மனுவும் அவர்கள் பெயரில்தான் போயிருக்கும், அவர்களைத்தான் பிடிக்கவேண்டும்.

105-சி என்று நிராகரிப்புக் கடிதம் வந்திருக்கிறது. முடிந்ததா?

முடியவில்லை, ஆனால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. கடிதத்தில் என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள். அந்தக் காரணத்துக்கு மட்டும் ஆதாரத்தோடு பதில் எழுதி மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லலாம். நல்ல மனுக்களையும் சேர்த்து நிராகரித்தது உண்டு, அதனால் சோர்ந்துவிடாதீர்கள்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில். கடிதத் தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பணம் வரவேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கவேண்டும். மேல்முறையீடு நடந்துகொண்டிருப்பதால் அந்த இரண்டு வருஷம் நிற்காது. "அப்பீலில் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று நம்பி உட்கார்ந்திருந்தால், அவர்களே உங்கள் பக்கம் நியாயம் என்று ஒத்துக்கொண்டாலும் கெடு தாண்டியபின் பணம் தர முடியாது. 907 என்ற படிவத்தில் இருதரப்பும் கையெழுத்திட்டால் கெடு நீளும், ஆனால் ஐ.ஆர்.எஸ். கையெழுத்தும் கெடுவுக்குள் விழவேண்டும். தொகை பெரிதென்றால் இந்தக் கட்டத்தில் வரி வழக்கறிஞரிடம் போய்விடுங்கள், என் மாதிரி ஆட்கள் போதாது.

சதவீதக் கட்டணத்துக்கு ஒரு கம்பெனி போட்டுக்கொடுத்தது, இப்போது போனே எடுப்பதில்லை.

என் வாடிக்கையாளர் ஒருவருக்கு இதேதான் நடந்தது. கிடைப்பதில் கால் பங்கு கட்டணம், பதினைந்து நிமிட போன் பேச்சு, எல்லாக் காலாண்டுக்கும் மனு. எந்த உத்தரவை வைத்துப் போட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு "எங்கள் சட்டக்குழு பார்த்துக்கொள்ளும்" என்று பதில், அதற்கப்புறம் எண்ணே இயங்கவில்லை. அடியில் கையெழுத்து இவருடையது. மாட்டினால் இவர்தான், அந்தக் கம்பெனி இல்லை.

முதல் வேலை, அவர்கள் போட்ட 941-எக்ஸ் பிரதியும் கணக்குத் தாளும் வாங்குங்கள், தராவிட்டால் ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து டிரான்ஸ்கிரிப்ட் எடுங்கள். பிறகு உத்தரவுக் கதவில் நான் சொன்ன அந்த மூன்று கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால், பணம் இன்னும் வரவில்லையென்றால், மனுவைத் திரும்பப் பெற வழி இருக்கிறது, 2023 அக்டோபரில் திறந்தார்கள். அந்தத் திருத்தப் படிவத்தை இ.ஆர்.சி.க்காக மட்டும் போட்டிருக்கவேண்டும், முழுத் தொகையையும் திரும்பப் பெறவேண்டும். படிவத்தின் பிரதியில் முதல் பக்க இடது ஓரத்தில் ஆங்கிலத்தில் வித்ட்ரான் என்று எழுதி, வலது ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு ஃபாக்ஸ் அனுப்பவேண்டும். ஏற்றுக்கொண்டால் மனுவே போடாத மாதிரி, அபராதமும் இல்லை, வட்டியும் இல்லை. வேண்டுமென்றே பொய் எழுதியவருக்கு மட்டும் இது பாதுகாப்பு ஆகாது.

பணம் வந்து செலவும் ஆகிவிட்டது, இப்போது பார்த்தால் தகுதியில்லை என்று தெரிகிறது.

தாமாக முன்வந்து சொல்பவர்களுக்குச் சலுகை கொடுத்த காலம் இருந்தது. 2024 மார்ச் 22 வரை 80 சதவீதம் கட்டினால் போதும் என்றார்கள், பிறகு 2021 காலாண்டுகளுக்கு மட்டும் அதே வருஷம் நவம்பர் 22 வரை 85 சதவீதம். இரண்டும் மூடிவிட்டன. இப்போது நல்ல சி.பி.ஏ. ஒருவரோடு உட்கார்ந்து, தப்பான பகுதி எவ்வளவு என்று கணக்கிட்டு, திருத்தம் போட்டுத் திருப்பிக் கட்டுவதுதான். கடிதம் வரட்டும் பார்க்கலாம் என்று இருப்பது உங்கள் இஷ்டம், வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ரீஃபண்டுக்கு வருமான வரி உண்டா?

நேராக இல்லை, சுற்றி வருகிறது. கிரெடிட் வாங்கிய அளவுக்குச் சம்பளச் செலவைக் குறைத்துக் காட்டவேண்டும், அதுவும் சம்பளம் கொடுத்த வருஷத்தில். பணம் 2023-ல் வந்தாலும் குறைக்கவேண்டியது 2020, 2021 கணக்கில். எஸ் கார்ப்பரேஷன், கூட்டாண்மை என்றால் பங்குதாரர்கள் எல்லோருடைய சொந்தக் கணக்கும் திறக்கவேண்டி வரும். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்காக 2025 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். ஓர் எளிய வழி சொன்னது: பழைய கணக்கைத் திறக்காமல், பணம் வந்த வருஷத்தில் அந்தத் தொகையை வருமானமாகக் காட்டிக்கொள்ளலாம். செலவைக் குறைத்துவிட்டுக் காத்திருந்து, பிறகு மனு நிராகரிக்கப்பட்டால், நிராகரித்த வருஷத்தில் அந்தச் செலவை எழுதிக்கொள்ளலாம். ரீஃபண்டோடு வந்த வட்டி தனி, அதற்கு வரி உண்டு. வரிவிலக்குள்ள தொண்டு அமைப்புகளுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்ததற்கும் ஏதோ கிரெடிட் உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு. கொரோனா வந்தவருக்கும் குழந்தை பள்ளி மூடியதால் வீட்டில் இருந்தவருக்கும் கொடுத்த விடுப்புச் சம்பளத்துக்கானது அது, 2020 ஏப்ரல் முதல் 2021 செப்டம்பர் வரை. தானே நோயில் படுத்தவருக்கு நாளொன்றுக்கு 511 டாலர் வரை, பிறரைப் பார்த்துக்கொள்ள இருந்தவருக்கு 200 வரை. ஒரே சம்பளத்தை அதிலும் இதிலும் காட்டக்கூடாது. புதிதாகக் கேட்க அதற்கும் காலம் கடந்துவிட்டது.

காகிதங்களை எத்தனை வருஷம் வைத்திருக்கவேண்டும்?

2021 மூன்றாம், நான்காம் காலாண்டுகளுக்கு ஐ.ஆர்.எஸ். திரும்பி வந்து கேட்கிற காலத்தை அதே 2025 சட்டம் ஆறு வருஷமாக நீட்டிவிட்டது, மனு போட்ட நாளிலிருந்தும் அது எண்ணப்படும். 2024 ஜனவரியில் போட்டிருந்தால் 2030 ஜனவரி வரை. நான் எல்லாக் காலாண்டுக்குமே அந்தக் கணக்கில்தான் வைக்கச் சொல்கிறேன். ஒரு கோப்பில் உத்தரவுகளின் பிரதி, 2019 முதல் 2021 வரை காலாண்டு வரவு, ஆள்வாரியாகச் சம்பளம், பி.பி.பி. தள்ளுபடி விண்ணப்பம், 941, 941-எக்ஸ். அதோடு கடையில் என்ன நின்றது என்று உங்கள் கைப்பட ஒரு பக்கம், ஞாபகம் இருக்கும்போதே. மூடிய கடையின் வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் போனில் படம் எடுத்தவர்கள் அதையும் போடுங்கள்.

செக் வந்தது. பயத்தில் வங்கியில் போடாமல் டிராயரில் வைத்திருக்கிறேன்.

போடாமல் வைத்திருந்ததும் ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று. தகுதி உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள். உண்டென்றால் தயங்காமல் போடுங்கள், அரசு செக் ஒரு வருஷத்தில் காலாவதியாகிவிடும், மாற்று வாங்க அலையவேண்டும். இல்லையென்றால் செக்கின் பின்பக்கம் கையெழுத்திடும் இடத்தில் ஆங்கிலத்தில் வாய்ட் என்று எழுதி, முன்னே சொன்ன மாதிரி வித்ட்ரான் எழுதிய படிவப் பிரதியோடு தபாலில் திருப்பி அனுப்புங்கள். செக்கை மடிக்கவேண்டாம், ஸ்டேப்ளரும் அடிக்கவேண்டாம். அனுப்புவதற்கு முன் இரண்டு பக்கமும் நகல் எடுத்து அந்தக் கோப்பிலேயே வையுங்கள்.